காளானும் அதன் இனத்தவையும்: கமக்காரர் அறியவேண்டியவை

நீண்ட வெயிலுக்குப் பின் முதன்மழை பெய்து இரண்டொரு நாள் கழிந்ததும், வயல் வரம்பிலோ தோட்டத்து வேலியோரத்திலோ உள்ள கறையான் புற்றருகே சென்று பாருங்கள். முந்திய மாலை வெறுமையாயிருந்த இடத்தில் விடியற்காலையில் வெண்குடைகள் கூட்டங் கூட்டமாக நிற்கும். இடி இடித்ததனாலேயே அவை முளைத்தன என்று முதியோர் கூறுவர். அயலிலுள்ள சிங்கள மக்கள் அவற்றைப் 'பிம்மல்' என்று அழைப்பர். நிலத்துப் பூ என்பது அச்சொல்லின் பொருளாகும். பெயர் அழகியதே. எனினும் காளான் பூவன்று. அதனை ஈன்ற செடியொன்றும் அங்கில்லை. இடியைவிட மழையின் ஈரமே அதனை வெளிக்கொணர்ந்தது. அவ்வாறாயின் அது யாது, எங்கிருந்து வந்தது, நமது நெல்லுக்கும் மரக்கறிக்கும் அதனால் விளைவது நன்மையா தீமையா என்பவற்றை விளக்குதலே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பூஞ்சணம் என்பது யாது?

நாம் குடையாகக் காண்பது மாமரத்தில் மாங்காயைப் போன்றதாகும். மரம் நிலத்துக்குள்ளே மறைந்திருக்கின்றது. உக்கிய மரக்கட்டை ஒன்றைப் பிளந்து பார்த்தால், பஞ்சை இழுத்துப் பரப்பினாற்போன்ற வெண்மையான வலை அதனுள்ளே ஓடியிருக்கக் காணலாம். அதுவே பூஞ்சணத்தின் உடல். தலைமயிரினும் மெல்லிய இழைகள் கிளைத்துக் கிளைத்துப் பின்னி உண்டானமையின் அதனைப் பூசணவலை என்பர். ஆண்டின் பெரும்பகுதியை அவ்வலை அமைதியாக உண்டு கழிக்கும். ஈரமும் குளிர்ச்சியும் வாய்த்தபோது குடையை மேலே அனுப்பும். குடையின் அடியிலுள்ள மடிப்புகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வித்திகள் கோடிக்கணக்கில் உதிர்ந்து காற்றில் மிதக்கும். இதனை நேரிற் காண விரும்புவோர், நன்கு விரிந்த காளான் ஒன்றின் காம்பை நீக்கி, குடையை ஒரு கருநிறக் கடதாசியில் கவிழ்த்து, மேலே ஒரு கோப்பையால் மூடி இரவு முழுவதும் வைத்தல் வேண்டும். காலையில் மடிப்புகளின் வடிவம் தூளினாலேயே கோலமிட்டதுபோல் பதிந்திருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க பாடம் இது.

பயிர்கள் பச்சையத்தின் துணையால் சூரிய ஒளியிலிருந்து தம் உணவைத் தாமே ஆக்குகின்றன. பூஞ்சணத்துக்குப் பச்சையம் இல்லை. எனவே பிறர் ஆக்கியதையே அது உண்ணவேண்டும். உண்ணும் முறையும் விந்தையானது. நாம் உண்டபின் செரிக்கின்றோம். பூஞ்சணமோ செரித்தபின் உண்கின்றது. தன் இழைகளிலிருந்து நொதியங்களைச் சுரந்து, சூழவுள்ள வைக்கோலையும் மரத்தையும் வெளியிலேயே கரைத்து, கரைந்த சாற்றை உறிஞ்சிக் கொள்ளும். அதன் இழைச் சுவர் கைற்றின் என்னும் பொருளால் ஆனது. இறாலின் ஓட்டிலும் வண்டின் ஓட்டிலும் உள்ளது அதே பொருளே. சுவீடன் நாட்டு இலின்னேயசு 1753ஆம் ஆண்டில் தாவரங்களை வகுத்தபோது காளான்களையும் அவற்றோடு சேர்த்தார். 1969இல் அமெரிக்கரான விற்றேக்கர் அவற்றைத் தனியொரு இராச்சியமாகப் பிரித்தார். இன்றைய ஆய்வுகளோ அவை செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவினர் எனக் காட்டுகின்றன. பாண் துண்டில் படரும் பூசணமும், அப்பமாவைப் பொங்கச் செய்யும் மதுவமும், நெல்லை வாட்டும் எரிபந்தமும் இவ்விராச்சியத்தின் குடிகளே. உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் வரும் பின்வெளிறலை உண்டாக்கும் உயிர் மட்டும் பார்வைக்குப் பூஞ்சணம் போலிருப்பினும் வேறு குலத்தது என இப்போது தெளிவாகியுள்ளது. இது அறிஞர்க்கு மட்டும் உரிய செய்தி என எண்ணற்க. ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதனைத் தொடாதும் விடலாம். ஆதலின் போத்தலிலுள்ள குறிப்பில் நோயின் பெயரை வாசித்த பின்பே பணத்தைச் செலவிடுதல் வேண்டும்.

கறையானின் தோட்டம்

பேராதனைப் பூங்கா 1821இல் அமைக்கப்பட்ட காலந்தொட்டு, இத்தீவின் தாவரங்களைப் போலவே காளான்களும் அங்கே சேகரிக்கப்பட்டு வந்தன. பூங்காவின் அதிபராயிருந்த துவெயிற்சு அனுப்பிய மாதிரிகளை இங்கிலாந்தில் பேர்க்கிலி, புரூம் என்னும் இருவர் ஆராய்ந்து 1870களில் நூற்றுக்கணக்கான இனங்களை விவரித்தனர். 1905இல் பேராதனைக்கு வந்த தொமஸ் பெட்ச் என்னும் பூஞ்சணவியலார், அடுத்த ஆண்டிலேயே கறையான் புற்றுக் காளான்களைப் பற்றி எழுதிய ஆய்வு உலகெங்கும் அறியப்பட்டது. பின்னாளில் அவரும் பிஸ்பி என்பவரும் சேர்ந்து தொகுத்த இலங்கைப் பூஞ்சணங்கள் பற்றிய நூல் 1950இல் வெளிவந்தது. கண்டியைச் சூழ வாழும் நமக்கு இது பெருமைக்குரியது.

புற்றினுள்ளே நடப்பது யாதெனில், வேலைக்காரக் கறையான்கள் உலர்ந்த மரத்தையும் சருகையும் அரைத்துத் தின்று, முற்றச் செரியாத நிலையிலேயே கழித்து, அதனைக் கொண்டு தேனடை போன்ற அடைகளைக் கட்டுகின்றன. அவ்வடைகளில் ஒரு காளானின் பூசணவலை வளர்கின்றது. மரத்துக்கு உறுதிதரும் இலிக்னினைக் கறையானால் செரிக்க முடியாது, பூஞ்சணத்தால் முடியும். பூஞ்சணம் பக்குவப்படுத்திய அடையையும், அதன்மேல் தோன்றும் வெண்மணிகளையும் கறையான் உண்கின்றது. சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடைபெறும் பயிர்ச்செய்கை இது. இதில் களைகட்டுதலும் உண்டு. கறையான்கள் இடம்பெயர்ந்து போன புற்றிலே வேறொரு பூஞ்சணம் சில நாட்களிலேயே அடைகளை மூடிக்கொள்ளும். கறையான்கள் இருந்தவரை அதற்குத் தலைகாட்ட இடமில்லை. காவல் நீங்கினால் களை வரும் என்பதை வயலில் நாம் கண்டிருக்கின்றோம். காளான் பையிலும் அதுவே நிகழும். அதனைப் பின்னர்க் காண்போம்.

புற்றுக்காளானின் அடியைத் தோண்டினால் காம்பு வேர்போல் நீண்டு அடைவரை சென்றிருக்கக் காணலாம். சுவையில் இதற்கு நிகர் இல்லையென்பது பலர் துணிபு. எனது துணிபும் அதுவே. ஆயினும் கறையானின்றி இதனை வணிக அளவில் வளர்க்க இன்றுவரை இயலவில்லை. புற்றுக்காளான் வித்து எனக் கூறி எவரேனும் விற்க வந்தால் வாங்காதிருத்தலே நன்று.

கோப்பியை அழித்த செம்மஞ்சட் தூள்

பூஞ்சணத்தால் நேரக்கூடிய தீமையின் அளவை அறிய வெளிநாட்டுக்குச் செல்லவேண்டியதில்லை. கண்டி மலைகளிலே இன்று தேயிலை நிற்கும் இடங்களிற் பெரும்பகுதி ஒருகாலத்தில் கோப்பித் தோட்டமாயிருந்தது. காட்டை வெட்டி, மலைக்கு மலை இடைவெளியின்றிக் கோப்பியை நட்டனர். அத்தோட்டங்களில் வேலைசெய்யத் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மிடையே பலருளர். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமையிலே சில கோப்பிச் செடிகளின் இலையடியில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. அந்த இலைகள் துவெயிற்சு வாயிலாக இங்கிலாந்துக்குச் செல்ல, பேர்க்கிலி அப்பூஞ்சணத்துக்கு எமிலேயா வஸ்தாதிறிக்ஸ் எனப் பெயரிட்டார். அழிவு செய்வது என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். பெயர் வைத்தபோது அது எத்துணை பொருத்தமாக அமையும் என அவரே அறிந்திருக்கமாட்டார்.

இலைகள் உதிர்ந்தன, மீண்டும் தளிர்த்தன, மீண்டும் உதிர்ந்தன. செடி ஒரேயடியாகச் சாவதில்லை என்பதால் தோட்டக்காரர் சில ஆண்டுகள் நம்பிக்கையை விடவில்லை. விலை உயர்ந்திருந்தமையால் புதுக் காடுகளையும் வெட்டிக் கோப்பி நட்டனர். 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் இந்நோயை ஆராய வந்தார். வித்திகள் காற்றில் பரவுவதையும், இலையில் நீர்த்துளி நின்றால் முளைப்பதையும், இலையின் வாய்கள் வழியே உட்புகுவதையும் அவர் தெளிவாக நிறுவினார். இடையே வேற்று மரமின்றி ஒரே பயிரைத் தொடர்ந்து நட்டமை நோய்க்குப் பெருவழி திறந்துவிட்டது என்பதையும் எடுத்துக் காட்டினார். ஆனால் அவர் வந்தபோது காலம் கடந்துவிட்டது. நோய் தோன்றி ஏறக்குறைய 20 ஆண்டுகளில் கோப்பித் தொழில் வீழ்ந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலையே அந்நிலங்களை நிரப்பிற்று. இன்று நம் வீட்டுத்தோட்டங்களிற் பலாவுக்கும் மிளகுக்கும் நடுவே நிற்கும் கோப்பிச் செடியின் இலையைப் புரட்டினால் அதே தூளைக் காணலாம். கலப்புப் பயிரின் நடுவே அது அடங்கியிருக்கின்றது.

வயலிலும் மேடையிலும்

நெல்லின் எரிபந்த நோயும் பூஞ்சணத்தாலேயே வருகின்றது. இலையில் இருமுனையும் கூர்ந்த, நடுவே சாம்பல் நிறமான புள்ளிகள் அதன் அடையாளம். கதிரின் கழுத்தைப் பற்றினால் கதிர் முழுவதும் பதராகும். குளிர்ந்த இரவும் நீண்டநேரம் நிற்கும் பனியும் அதற்கு உகந்தவை. மலைப்பள்ளத்தாக்கு வயல்களில் இவ்விரண்டும் உண்டு. நாமாகச் சேர்க்கும் மூன்றாவது காரணம் யூரியா. பயிர் கரும்பச்சையாக நிற்பதைக் கண்டு மகிழ்ந்து மேலும் யூரியாவை எறிபவர், தம் கையாலேயே நோயை அழைக்கின்றார். பசளையைப் பகுதி பகுதியாக இடுக. நோய் கண்ட வயலிலிருந்து விதைநெல் எடுக்காதீர். நோயெதிர்க்கும் இனத்தை உங்கள் பிரிவுப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து விதையுங்கள்.

மரக்கறி நாற்றுமேடையில் நாற்றுகள் அடியில் நைந்து சாய்வதைக் காணாதவர் இலர். மேடையை நன்கு வடியுமாறு உயர்த்தி, உமியும் வைக்கோலும் பரப்பி எரித்தோ, ஈரமாக்கித் தெளிந்த பொலித்தீனால் மூடிச் சில வாரம் வெயிலில் விட்டோ மண்ணைச் சுத்தஞ்செய்தல் வேண்டும். நெருக்கி விதைத்து நாள்தோறும் மாலையில் நீரூற்றுவோர்க்கு எந்த மருந்தும் உதவாது.

இவையிரண்டும் பகைவர். மண்ணிலுள்ள பூஞ்சணங்களில் நண்பரும் உளர். மிளகாய், போஞ்சி, லீக்ஸ் முதலியவற்றின் வேருக்குள்ளே வாழும் சில பூஞ்சணங்கள், வேர் எட்டாத தொலைவுவரை தம் இழைகளைப் பரப்பிப் பொசுபரசைக் கொணர்ந்து கொடுத்து, கூலியாகச் செடியிடமிருந்து வெல்லத்தைப் பெறுகின்றன. கோவா இனத்துக்கு இவ்வுறவு இல்லை. அடிக்கடி கிளறுதலும், அளவு மீறிய பொசுபேற்றுப் பசளையும் இவ்வுறவைக் குலைக்கும். திரைக்கோடேர்மா என்னும் பச்சைப் பூஞ்சணமோ காவற்காரனைப் போன்றது. வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சணங்களின் இழைகளைச் சுற்றிப் பிடித்து அவற்றையே உண்ணும். நன்கு உக்கிய, ஈரமான கூட்டெருவிற் கலந்து நிழலில் சில நாள் வைத்து, பின் நாற்றுமேடைக்கு இடலாம். இதனை இட்ட மண்ணிற் பூஞ்சணநாசினியை ஊற்றுதல், காவலுக்கு நாயை வாங்கிக் கட்டிவிட்டு அதற்கே நஞ்சு வைப்பதற்கு ஒப்பாகும்.

நமது உணவிற் பூஞ்சணம்

கள்விட்டு ஊறவைத்த அப்பமா இரவில் பொங்குவதும், கித்துள் கள் பொழுதேற ஏறக் கடுப்பதும் மதுவத்தின் செயலே. சீனியைத் தின்று காபனீரொட்சைட்டையும் மதுவையும் அது வெளியிடுகின்றது. இந்தோனேசிய மக்கள் அவித்த சோயா அவரையைப் பூஞ்சணத்தாற் கட்டியாக்கித் 'தெம்பே' என்னும் உணவைச் செய்கின்றனர். 1928இல் இலண்டனில் பிளெமிங் தற்செயலாகக் கண்ட பெனிசிலினும் ஒரு பூசணத்தின் கொடையே. ஆனால் கமக்காரர்க்கு நேரே பணமாகக் கூடியது காளான் வளர்ப்பாதலால் அதனையே விரித்துரைப்போம்.

நெல்லின் எடைக்கு ஏறக்குறைய ஒத்த எடையில் வைக்கோலும் விளைகின்றது. பயிர் எடுத்த பொட்டாசியத்திற் பெரும்பங்கு அதிலேயே தங்கும். சூடடித்த களத்திலேயே அதனை எரித்துவிடுவோர் இன்னும் பலர். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது, அதே கமக்காரர்கள் கூட்டெரு தேடி அலைந்ததை நான் கண்டேன். வைக்கோலையும் மரத்தூளையும் முதலில் உணவாக்கி, பின்னர் எருவாக்கும் வழி காளானிடம் உண்டு.

சென்னை மாகாணத்துக் கோயமுத்தூரில் 1940களின் தொடக்கத்தில் வைக்கோற் காளான் வளர்ப்பு ஆராயப்பட்டது. 1962இல் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்த்துக் காட்டினர். இவ்விரண்டில் எது நமக்கு ஏற்றது? வைக்கோற் காளான் 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை விரும்பும். கண்டியின் இரவுக் குளிரில் அது சோம்பிக் கிடக்கும். குருநாகல், மகியங்கனை போன்ற தாழ்ந்த இடத்தார்க்கு அதனை விட்டுவிடலாம். நமக்கு உகந்தது சிப்பிக்காளானே. 20 முதல் 28 பாகை வரையான வெப்பமும் ஈரக்காற்றும் அதற்குப் போதும். இவை இங்கே விலையின்றிக் கிடைக்கின்றன. அனுபவம் வந்தபின் 'மாகந்துறை வெள்ளை' முதலிய பிறவகைகளை முயலலாம்.

இலங்கையில் பெரிதும் கையாளப்படுவது மரத்தூள் முறையாகும். இறப்பர், மா, அல்பீசியா, லுணுமிதெல்லை ஆகிய மென்மரத் தூளே ஏற்றது. தேக்கு, மகோகனித் தூளையும், மருந்து பூசிய பலகையின் தூளையும் தவிர்க்க. 10 கிலோ தூளுக்கு அரிசித்தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், பயறு அல்லது சோயா மா 100 கிராம், மகனீசியம் சல்பேற்று 20 கிராம் சேர்த்து நீர்தெளித்துப் பிசைக. ஒரு பிடியை இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும். விரலிடையே நீர் சொட்டலாகாது. சொட்டினால் மேலும் தூள் சேர்க்க. தவிடு புதியதாயிருத்தல் வேண்டும். புழுத்த தவிட்டில் மிச்சம் பிடிப்பவர் முழுப் பையையும் இழப்பர். வெப்பந் தாங்கும் பொலிப்புறொப்பிலீன் பையில் இறுக நிரப்பி, வாயில் குழாய் வளையத்தைப் பொருத்திப் பஞ்சால் அடைத்து, பீப்பாயினுள் தட்டின்மேல் அடுக்கி ஆவியில் அவிக்கவேண்டும். ஆவி நன்கு எழுந்தபின் குறைந்தது 3 மணிநேரம் அவிதல் வேண்டும். ஆறியபின், காற்று வீசாத சுத்தமான இடத்திற் கைகளைக் கழுவி, விளக்குச் சுடரருகே வித்தை இடுக.

இவ்விடத்தில் என் தவறொன்றைக் கூறவேண்டும். பண்ணைப் பாடசாலையில் தகைமைச் சான்றிதழ் பெற்று வேலைக்கு வந்த புதிதில், மகாவலிக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தில் மாதர் குழுவொன்றுக்கு 100 பைகள் செய்து காட்டினேன். பீப்பாயடியில் விறகு ஈரம், மழை தூறிற்று, கடைசிப் பேருந்துக்கும் நேரமாயிற்று. 2 மணிநேரம் ஆவதற்கு முன்பே, போதும் இறக்குங்கள் என்றேன். பத்தாம் நாள் சென்று பார்த்தபோது 60க்கும் மேற்பட்ட பைகள் பச்சைப் பூசணம் பிடித்திருந்தன. நான் நாற்றுமேடைக்குப் பரிந்துரைக்கும் அதே திரைக்கோடேர்மாதான்! வயலில் காவற்காரனாயிருப்பது காளான் பையில் கள்வனாகின்றது. குழுவில் மூத்த ஆச்சி ஒருவர், தம் கோழிகளை விற்ற பணத்தை அதில் இட்டிருந்தார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "தம்பி, சோறு அரைவேக்காடாயிருந்தால் நாங்கள் அடுப்பை அணைக்கமாட்டோம்" என்று மட்டும் கூறினார். அவருடைய பைகளுக்கு ஈடாக என் செலவில் வேறு பைகள் செய்து கொடுத்தேன்; அவற்றை இறக்கும் நேரத்தை அவரே தீர்மானித்தார். அன்றுமுதல் மணிக்கூட்டைப் பாராது பீப்பாயைத் திறப்பதில்லை.

வித்திட்ட பைகளை இருண்ட, குளிர்ந்த அறையில் வைத்தால் 4 முதல் 6 வாரத்தில் வெண்வலை முழுவதும் படரும். பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் நிறம் கண்ட பையை அங்கே திறக்காமல் அப்பால் எடுத்துச் சென்று புதைக்க. வெண்மையான பைகளின் வாயைத் திறந்து அல்லது பக்கத்திற் கீறிக் கொட்டிலில் வைத்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை நிலத்திலும் சுவரிலும் நீர் தெளித்து ஈரம் காக்க. ஒருவார அளவில் மொட்டு அரும்பும். ஓரம் மேல்நோக்கி மடியுமுன் பறித்தல் வேண்டும். முற்றவிட்டால் நிறை கூடும் என எண்ணுவோர், கொட்டில் முழுதும் வித்தித் தூள் நிரம்புவதையும், அதனைச் சுவாசித்து இருமல் வருவதையும் காண்பர். மூச்சிழுப்பு உள்ளவர்கள் மூக்கை மூடாது கொட்டிலினுட் செல்லலாகாது. கிலோ நிறையுள்ள பையொன்றில், பல பறிப்புகளையும் சேர்த்து 250 முதல் 400 கிராம்வரை கிடைத்தால் திருப்தியடைக. பையின் நிறையளவு காளான் வரும் எனக் கூறும் விற்பனையாளர் பையை விற்பதிலேயே கருத்துடையவர்.

முதல் முயற்சிக்கு 50 பை போதும். புதுக்காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். இரண்டாம் நாள் வாடும். மூன்றாம் நாள் விலைபோகாது. ஆகவே கண்டிச் சந்தையிலோ அயற்கடையிலோ வாங்குபவரைக் கண்ட பின்பே பைகளைப் பெருக்குக. இறைச்சிக்கு நிகரான உணவு என விளம்பரஞ் செய்வது மிகை. காய்ந்த நிறையில் புரதம் மிகுதியே. பச்சை நிறையில் 100 கிராமில் 2 அல்லது 3 கிராம் மட்டுமே உண்டு. எனினும் மரக்கறிகளிடையே அது நல்ல அளவே. அரைமணி நேரம் வெயில் காட்டினால் காளானில் விற்றமின் டி உண்டாவதும் உண்மை.

நஞ்சு

காட்டுக் காளானைப் பற்றி ஒளிவுமறைவின்றிக் கூறவேண்டும். வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, மஞ்சளோடு அவித்து நிறம் மாறாவிட்டால் நல்லது, பூச்சி தின்றது மனிதர்க்கும் ஆகும் என்பன யாவும் பொய். மிகக் கொடிய காளானும் இச்சோதனைகளில் தப்பிவிடும். அவிப்பதனால் அதன் நஞ்சு நீங்காது. புல்தரையிலும் மேய்ச்சல் நிலத்திலும் வளரும் பெரிய வெண்குடையொன்றின் மடிப்புகள் முதிர்ந்தபின் பசுமை பற்றும். இளமையில் அதுவும் வெண்மையே. அதனை உண்டோர் சில மணிநேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் அடைவர். அதனினும் கொடியன, உண்டு 6 மணிநேரத்துக்குப் பின்பே குறிகாட்டுவன. வாந்தி நின்று நோயாளி தேறியதுபோல் தோன்றுவார். அதற்குள் ஈரல் அழியத் தொடங்கியிருக்கும். ஆதலால் உண்டபின் நோய் கண்டால், தேறிவிட்டார் எனக் காத்திராமல், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். தலைமுறையாக உங்கள் வீட்டார் அறிந்து பறித்துவரும் இனம் அன்றேல், பறிக்காதீர்.

கண்ணுக்குப் புலப்படாத நஞ்சொன்றும் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. பிறேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கிற் பூத்த பூசணமே காரணமெனத் தெரிந்தது. அந்நஞ்சுக்கு அஃப்ளாடொக்சின் என்று பெயர். சோளம், நிலக்கடலை, கொப்பறா, மிளகாய் ஆகியவற்றில் ஈரம் தங்கினால் அது உண்டாகும், சமைப்பதனாற் போகாது, நெடுங்காலம் உட்கொண்டால் ஈரலிற் புற்றுநோயை விளைக்கும். நெல்லை ஈரப்பதன் 14 வீதத்துக்குக் குறையும்வரை உலர்த்தி, நிலத்திற் படாது பலகைமேல் வையுங்கள். பூசணம் பிடித்த மிளகாயைக் கழுவி வெயிலிற் காட்டி விற்பதும், பூத்த புண்ணாக்கைக் கறவைப் பசுவுக்கு இடுவதும் கூடா. பசு உண்ட நஞ்சு பாலிலும் வரும்.

பயன் முடிந்த பைகள்

காளான் அரும்புவது நின்றபின் பைகளைக் குப்பையிற் கொட்டாதீர். பொலித்தீனை நீக்கிப் பொதியை உடைத்து, சாணமும் பச்சிலையும் கலந்து குவித்தால், இலிக்னின் ஏற்கெனவே கரைந்திருப்பதால் விரைவில் உக்கும். போஞ்சி, கத்தரி, லீக்ஸ் பாத்திகளுக்கு அது நல்ல எரு. குவியலைக் காளான் கொட்டிலுக்கு அருகில் வைக்காது தோட்டத்தின் மறுகோடியில், காற்று கொட்டிலை நோக்கி வீசாத பக்கத்தில் வைக்கவேண்டும். திரைக்கோடேர்மா கலந்த கூட்டெருவைக் கையாண்டவர் குளித்து உடைமாற்றாது கொட்டிலினுட் செல்லலாகாது. வித்து வாங்கும்போது அது தயாரித்த நாளைக் கேட்டறிக. போத்தலில் வெண்மையைத் தவிர வேறு நிறமோ புளித்த மணமோ இருப்பின் திருப்பிக் கொடுத்துவிடுக. வித்துக் கிடைக்குமிடமும் பயிற்சி வகுப்புகளின் நாட்களும் உங்கள் கமநல சேவை நிலையத்தில் அறியலாம்.